நூலில் கட்டிய ஊக்கு

அன்று சந்தை நாள். ஏற்காடு ஒண்டிக்கடையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். கரடியூர் செங்கோடன் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் சேறுமாக நடந்து வருவதைப் பார்த்த டீக்கடைக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏனுங் கவுண்டரே, ஒத்தச் செருப்ப யாருக்குங்க தானம் பண்ணிப்போட்டு வர்றீங்க?"

செங்கோடன் குனிந்து பார்த்தார். வலது காலில் செருப்பைக் காணோம். எங்கே கழன்றது என்றும் தெரியவில்லை. பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வந்த மனைவி அத்தாயி திரும்பிப் போய்த் தேடினாள். பஸ் நிற்கிற இடத்தில், ஒரு வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் அது கிடந்தது. நூறு தப்படி தூரமாவது இருக்கும். அவ்வளவு தூரமும் ஜல்லிக் கல்மேல் நடந்து வந்திருக்கிறார், மனிதருக்கு உறைக்கவே இல்லை.

"செருப்பு போனதுகூடவா தெரியாது? நல்ல ஆளுங்க நீங்க" என்று அத்தாயியும் சிரித்தாள். செங்கோடன் சிரிக்கவில்லை. அதை அவள் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கவனித்தாள். காப்பிப் பழம் பறிக்கிற நேரம். களத்தில் காயப் போட்டிருந்த கொட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தவர் அப்படியே முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. வெந்நீர் வைத்துக் காலில் ஊற்றினாள். அவளுடைய விரல் சுட்டது, அவருக்குச் சுடவில்லை. அப்போதுதான் அவளுக்குச் சந்தை நாள் செருப்பு ஞாபகம் வந்தது.

ஏற்காட்டு டாக்டர் சேலத்துக்கு அனுப்பினார். சேலத்து நரம்பு டாக்டர் முதுகை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். முதுகுத்தண்டில் ஏதோ அழுத்துகிறது, எது என்று இந்தப் படத்தில் தெரியவில்லை, கோயமுத்தூரில் காந்த ஸ்கேன் வந்திருக்கிறது, போய் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். "தள்ளிப் போடாதீங்க. நாள் ஆக ஆகக் காலு திரும்பறது கஷ்டம்" என்று அத்தாயியைப் பார்த்துச் சொன்னார். தொண்ணூற்றாறாம் வருடம் அது. அந்த ஸ்கேனைப் பற்றி மலையில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

சேதி தெரிந்ததும் தலைச்சோலையிலிருந்து அம்மாசி ஓடி வந்தார். அத்தாயிக்குக் கூடப் பிறந்த அண்ணன். ஐம்பது வயதுக்கு மேல் ஆகியும், மாப்பிள்ளையை முதுகில் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் வந்து கோயமுத்தூர் போக பஸ் ஏற்றி, தானும் கூடவே கிளம்பினார். வழியில் ஒரு இடத்திலும் இறக்கி வைக்கவில்லை.

அம்மாசி எப்போதும் அப்படித்தான். மரத்தில் காய்க்கிற முதல் பலாப்பழம் தங்கை வீட்டுக்குத்தான் வரும். தையில் ஒரு கூடை ஆரஞ்சும் வரும். கூரை மாற்றவா, கிணறு வெட்டவா, கூப்பிடாமலே வந்து நிற்பார். "இப்பிடி ஒரு அண்ணன் ஆருக்குக் கெடைக்கும்?" என்று அத்தாயி ஊரெல்லாம் பெருமை பேசுவாள். அந்தப் பலாப்பழத்துக்குள் சுளை தவிர வேறொன்றும் இருந்தது அவளுக்குத் தெரியாது.

பதினேழு வருடத்துக்கு முன்பு, பொங்கல் நோம்பி முடிந்த மறுவாரம், நாலு பேர் பன்றி வேட்டைக்குப் போனார்கள். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி. ஈயக் குண்டு கிடைக்கவில்லை என்று, சைக்கிள் கடையிலிருந்து பால்ரஸ் வாங்கிப் போட்டு வெடிமருந்தோடு குழலில் இறுக்கியிருந்தார்கள். சைக்கிள் சக்கரத்துக்குள் உருளுமே, அந்தச் சின்ன எஃகு உருண்டைகள்தான். புதர் அசைந்தது. அம்மாசி சுட்டார். புதருக்குள் இருந்தது செங்கோடன்.

குண்டுகள் பூராவும் மரத்தில் போய் இறங்கின. ஒன்று மட்டும் செங்கோடனின் இடது புருவத்தைத் துளைத்து உள்ளே போய்விட்டது. கண் பிழைத்தது புண்ணியம். அத்தாயி அப்போது தலைச்சன் பிள்ளையை எட்டு மாதமாகச் சுமந்துகொண்டிருந்தாள். அண்ணன்தான் சுட்டான் என்று தெரிந்தால் என்ன ஆவாளோ என்று ஒரு பயம். போலீசுக்கும் வனத்துறைக்கும் பயம். ஊர்க்கவுண்டர் காதுக்குப் போனால் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து அற்றுவிடும் என்கிற பயம் எல்லாவற்றையும்விடப் பெரிது. மூங்கில் முளை குத்திவிட்டது என்று ஒரு கதையைக் கட்டினார்கள். சேர்வராயன் சந்நிதியில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியமும் செய்துகொண்டார்கள். முதலில் கையை நீட்டியது குண்டடி பட்ட செங்கோடன்தான்.

பச்சிலை வைத்துக் கட்டினதில் புண் ஆறிவிட்டது. தோல் மூடிக்கொண்டது. கூட வந்த மற்ற இரண்டு பேரும் காலமாகிவிட்டார்கள். சத்தியத்தைக் காப்பாற்ற மச்சானும் மாப்பிள்ளையும் மட்டும் மிச்சம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நம் ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வலியைச் சொல்வார்கள், வரலாற்றைச் சொல்ல மாட்டார்கள். கேட்டால், "அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்பார்கள். செங்கோடனும் பஸ்ஸில் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனார். நோவு காலில். குண்டு புருவத்தில். அதுவும் இத்தனை வருடத்தில் கரைந்தே போயிருக்கும்.

ஸ்கேன் எடுக்கிற இடத்தில் இன்பமேரி என்று ஒரு அம்மா இருந்தார். மெஷினை ஓட்டுவதுதான் அவர் வேலை. வருகிறவர்கள் எல்லாரும் அவரைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பது வயது, மூக்குக் கண்ணாடி, கணீரென்ற குரல். கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கிற நச்சரிப்பு வேறு. பத்து நிமிடத்தில் அத்தாயிக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது.

"இருதயத்துக்கு மிசினு ஏதாச்சும் வெச்சிருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"கை கால் ஒடஞ்சு உள்ள கம்பி, தகடு?"

"அதுவும் இல்லீங்க."

"தலையில கிளிப்பு?"

"அவரென்ன பொம்பளயாங்க, தலையில கிளிப்பு மாட்டறதுக்கு?" என்றாள் அத்தாயி.

இன்பமேரி சிரிக்கவில்லை. "மண்டைக்குள்ள ஆப்பரேசன் பண்ணி ரத்தக் கொழாயில போடறதுங்கம்மா. அது இருந்தா இங்க வரவே கூடாது. சரி, பட்டறையில வேலை செஞ்சிருக்காருங்களா? கண்ணுல இரும்புத் தூளு பட்டிருக்குதா?"

"காப்பிக் காட்டுல ஏதுங்க பட்டறை?"

"குண்டு, தோட்டா ஏதாச்சும் உடம்புல?"

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த செங்கோடன் முந்திக்கொண்டார். "இல்லீங்க."

எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாசி தரையைப் பார்த்தார்.

அப்புறம் கழற்றுகிற படலம் ஆரம்பித்தது. வெள்ளி அரைஞாண் வந்தது. சனி பகவானுக்காகப் போட்ட இரும்பு மோதிரம் வந்தது. கறுப்புக் கயிற்றில் தாயத்து, மடியிலிருந்து சுண்ணாம்பு டப்பா, இடுப்பு வாரில் செருகியிருந்த சின்னக் கத்தி. காலே வராதவருக்குக் கத்தி எதற்கு என்று அத்தாயிக்கே தெரியவில்லை. எல்லாவற்றையும் துண்டில் போட்டு முடிந்தாள். இன்பமேரி செங்கோடனின் முகத்துக்கு அருகே குனிந்தார்.

"புருவத்துல இதென்னங்க தழும்பு?"

"மூங்கக் குத்துங்க" என்றாள் அத்தாயி. "எம் மூத்தவ வயித்துல இருக்கறப்பக் குத்துனது."

"மூங்கல் மட்டுந்தானுங்களா? உள்ள ஒண்ணும் தங்கலியே?"

"ஏனுங் சிஸ்டரு, எத்தன தடவைங்க கேப்பீங்க? பதினெட்டு வருசமா ஒண்ணாக் குடும்பம் பண்றேன், எனக்குத் தெரியாதுங்களா?" அத்தாயிக்குக் கோபமே வந்துவிட்டது. "நானும் கூட வந்து நிக்கறேன். அவருக்குத் தனியாப் பயமா இருக்கும்."

"வரலாமுங்க. தோடு, மெட்டி, ஊக்கு எல்லாத்தையும் கழட்டிப்போட்டு வாங்க."

"ஒரு ஊக்கு என்னங்க பண்ணிப்போடும்?"

இன்பமேரி கையை நீட்டினார். அந்த ஊக்கை வாங்கி ஒரு முழ நூலில் கட்டினார். மெஷின் இருக்கிற அறையின் கதவைத் திறந்தார். வாசலைத் தாண்டி ஓரடி வைத்து, நூலின் நுனியை இறுகப் பிடித்துக்கொண்டு ஊக்கைத் தொங்கவிட்டார்.

ஊக்கு தொங்கவில்லை. நூல் மெல்லச் சாய்ந்தது, இன்னும் சாய்ந்தது, கடைசியில் படுத்த வாக்கில் விறைப்பாக நின்றது. ஊக்கின் முனை மெஷினைப் பார்த்துத் துடித்தது. காற்று இல்லை, யாரும் தொடவும் இல்லை.

"இது பெரிய காந்தமுங்கம்மா. சுவிச்சுப் போட்டாத்தான் இழுக்கும்னு நெனச்சுக்காதீங்க. எந்நேரமும் இழுத்துக்கிட்டேதான் இருக்கும். கையில புடிச்சிருக்கறதால நிக்குது. உடம்புக்குள்ள இருந்தா ஆரு புடிச்சு நிறுத்தறது? அதனாலதான் இத்தன தடவ கேக்கறேன்."

அத்தாயி வாயில் கையை வைத்தாள். "அடேங்கப்பா" என்றாள். ஊக்கை வாங்கித் துண்டில் போட்டுக்கொண்டாள். வேலையாள் ஒருவர் ஸ்ட்ரெச்சரைப் பிடித்து அறைப் பக்கம் திருப்பினார். மல்லாந்து படுத்திருந்த செங்கோடன் ஊக்கையும் பார்க்கவில்லை, நூலையும் பார்க்கவில்லை. பார்த்தவர் அம்மாசி.

அவர் மண்டைக்குள் ஒரு கணக்கும் ஓடவில்லை. நூலும் இல்லாமல், பிடிக்கிற கையும் இல்லாமல் அந்த உருண்டை மாப்பிள்ளையின் கண்ணுக்குப் பக்கத்தில் நகருவது மட்டும் தெரிந்தது. இரண்டே எட்டில் வாசலை மறித்துக்கொண்டு கையை விரித்து நின்றார்.

"நிறுத்துங்க சிஸ்டரு! உள்ள கொண்டு போகாதீங்க!"

"என்னங்க ஆச்சு?"

"அது மூங்கக் குத்து இல்லீங்க. பால்ரஸ் குண்டு. உள்ளயேதான் இருக்குது. சுட்டது நானுங்க."

ஸ்ட்ரெச்சரிலிருந்து செங்கோடனின் குரல் வந்தது. "மச்சான், சும்மா இரு. சாமி சத்தியம் பண்ணியிருக்குது."

"சத்தியத்த மீறுன பாவம் எனக்கே இருக்கட்டும் மாப்ள. ஒருக்கா உங் கண்ணுக்குக் குறி வெச்சவன் நானு. மறுக்கா எம் முன்னாலயே அது போறத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

இன்பமேரி முதலில் ஸ்ட்ரெச்சரைப் பின்னால் இழுத்தார். அறைக் கதவைச் சாத்தினார். பிறகு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 

அம்மாசி கும்பிட்டபடி நின்றார். "போலீசுக்குச் சொல்லோணும்னா சொல்லிக்குங்க. நான் எங்கயும் ஓட மாட்டனுங்க."

"நான் எதுக்குங்க போலீசுக்குப் போறேன்? ஆரு சுட்டாங்க, எதுக்குச் சுட்டாங்கன்னு எனக்கு வேண்டியதில்லீங்க. உள்ள இரும்பு இருக்குதா, இல்லையா? அதுதான் எனக்கு வேணும். அத நீங்க சொன்னீங்களே, அந்தக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

 அத்தாயி அண்ணனையும் பார்க்கவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை. துண்டு முடிச்சை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள்.

தலையை எக்ஸ்ரே எடுத்தார்கள். அங்கிருந்த டாக்டர் தேவசிகாமணி படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடது கண்குழிக்குள், ஆழத்தில், மிளகளவு வெள்ளை வட்டம். பதினேழு வருடத்தில் அது துளியும் கரையவில்லை.

"கண்ணு நரம்ப ஒட்டி உக்காந்திருக்குது பாருங்க. காந்தத்துக்குள்ள போயிருந்தா இது அசஞ்சிருக்கும். அசஞ்சா கண்ணு போயிருக்கலாம், அதுக்கு மேலயும் ஆகியிருக்கலாம்" என்றார். அத்தாயியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "பயப்படாதீங்கம்மா. நல்ல மிசினுதான், ஆனா எல்லாருக்கும் ஆகாது. இவருக்கு ஆகாதுன்னு தெரிஞ்சு போச்சு. முதுகுல மருந்து ஏத்தி வேற ஸ்கேன் எடுக்கலாம். அதுல காந்தம் இல்ல."

எடுத்தார்கள். முதுகெலும்பில் டி.பி. சீழ் கட்டிக்கொண்டு நரம்பை அழுத்துகிறது என்று தெரிந்தது. மாத்திரைக்குக் கேட்கிற நோய்தான், ஒரு நாளும் விடாமல் ஒரு வருடம் சாப்பிட வேண்டும் என்றார்கள். செங்கோடன் சின்னப் பிள்ளைபோல் அழுதார். கால் வரும் என்பதற்காக அழுதாரா, கண் போகவில்லை என்பதற்காக அழுதாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஊருக்கு வந்த பிறகு அத்தாயி புருஷனுக்கு வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்தாள். காலைப் பிடித்துவிட்டாள். ஆனால் அண்ணனோடு பேசவில்லை. தையில் வழக்கம்போல் அம்மாசி ஒரு கூடை ஆரஞ்சு கொண்டுவந்தார். அவள் வெளியே வரவில்லை. வாசலில் வைத்துவிட்டுப் போன கூடை அங்கேயே இருந்து அழுகியது.

"பாவம், உட்டுடு அத்தாயி. அன்னைக்கு அவன் சொல்லலைன்னா?" என்றார் செங்கோடன்.

"சுட்டதுக்குக் கோவமில்லீங்க. கை தவறுனது. பதினேழு வருசம் ரெண்டு பேருஞ் சேந்து என்னைய முட்டாளா வெச்சிருந்தீங்களே. அந்தச் சிஸ்டரம்மாகிட்ட மூங்கக் குத்துன்னு சண்டை போட்டனே நானு. எம் வாயாலயே உங்க கண்ணப் புடுங்கிக் குடுத்திருப்பனே!"  

சித்திரை பிறந்தபோது செங்கோடன் தடி ஊன்றி நடந்தார். வைகாசியில் தடியை மூலையில் போட்டார். ஆனி மாதம் மறுபடி டாக்டரைப் பார்க்கக் கோயமுத்தூர் போனார்கள். அத்தாயி தன் கையால் வறுத்து இடித்த காப்பித்தூளை ஒரு டப்பாவில் அடைத்து இன்பமேரிக்கு எடுத்துப் போனாள்.

"நீங்க நச்சரிக்கறீங்கன்னு திட்டுனேன் சிஸ்டரு. மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க நொம்ப நல்லா இருக்கோணும்" என்று காலைத் தொடப் போனவளை இன்பமேரி பிடித்து நிறுத்தினார்.

"எனக்கெதுக்குங்கம்மா? நான் கேட்டேன், நீங்க இல்லைன்னீங்க. என் வேலை அதோட முடிஞ்சு போச்சு. கதவ மறிச்சு நின்னாரே உங்க அண்ணன், அவருக்குச் சொல்லுங்க." மேஜை மேலிருந்த கேள்விப் படிவத்தை எடுத்துக் காட்டினார். அச்சடித்த கேள்விகளுக்குக் கீழே பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தது. "எப்போதாவது வேட்டைக்குப் போனதுண்டா? தழும்பு இருந்தால் உண்மையில் அது எப்படி வந்தது?"

"இப்ப வர்ற எல்லாருகிட்டயும் இதையும் கேக்கறேன். தனியாக் கூப்பிட்டுக் கேக்கறேன், ஊட்டுக்காரங்க முன்னால கேக்கறதில்ல. போன மாசம் ஒருத்தரு ஆமான்னு சொன்னாருங்க. உங்க அண்ணன் புண்ணியத்துல அவரும் பொழைச்சாரு."

அத்தாயி அந்த வரியை எழுத்துக் கூட்டிப் படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

மறுநாள் காலையில் கரடியூர் போகாமல் நேரே தலைச்சோலைக்குப் போகலாம் என்றாள். பஸ்ஸை விட்டு இறங்கி அம்மாசி வீட்டுக்கு ஏற்றத்தில் ஏற வேண்டும். செங்கோடன் தன் காலால் ஏறினார். வாசலில் இரண்டு செருப்பையும் கழற்றி வைத்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு தங்கையை வாசலில் பார்த்த அம்மாசி எழுந்து நின்றார்.

"அண்ணா" என்றாள் அத்தாயி. "இத்தன வருசம் நீ கொண்டாந்து போட்ட பழமெல்லாம் எதுக்குன்னு இப்பத்தான் எனக்குத் தெரியும். அதுக்கெல்லாம் நான் நன்றி சொல்ல மாட்டேன். அன்னைக்கு அந்தக் கதவுகிட்ட நின்னு, சுட்டது நான்தான்னு சொன்னியே, அந்த ஒரு வார்த்தைக்குக் கும்புட வந்திருக்கறேன். ஆசுபத்திரியில கேள்வி கேட்டா உள்ளதச் சொல்லோணும். வெக்கமோ, பயமோ, சத்தியமோ, எதுக்காக மறைச்சாலும் அது நோவுல கெடக்கறவன் உசுருக்குத்தான் வெனை. கேக்கறவங்க நம்மளப் புடிச்சுக் குடுக்கக் கேக்கல, காப்பாத்தக் கேக்கறாங்க. இத ஊரு பூராவும் சொல்லப் போறேன். நீயும் சொல்லு."

அம்மாசி தலையாட்டினார். கண்ணீர் தாடியில் இறங்கியது.

"நானும் மறைச்சவந்தானே?" என்றார் செங்கோடன் மெதுவாக.

"உங்களுக்கு ஊட்டுல இருக்குது" என்றாள் அத்தாயி. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஏண்ணா, பலா பழுக்கற மாசந்தானே இது? இந்த வருசத்து மொதப் பழம் இன்னும் எங்க ஊட்டுக்கு வரலியே?"